நண்டுக் கோட்டைக்கு எட்டுப் பக்கம்

"நாலு மணிக்கு ட்ரக் வரும். பொடியனை அதில ஏத்திப் போடுவன். அதுக்குப் பிறகு இஞ்ச வந்து அழுது வேலை இல்லை, மிஸ்."

இன்ஸ்பெக்டர் விஜேகோன் இதைத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டால் என்ன என்று சித்தி லைலாவுக்குக் கை துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தட்டெழுத்து மெசினை வைத்துக்கொண்டு இருபது வருசமாக ஊருக்கு மனுவும் பெட்டிசமும் எழுதிக் கொடுப்பவள் அவள். காணாமல் போன மாட்டுக்குப் பெட்டிசம் எழுத வந்தால் மாட்டையே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள். காணாமல் போன மாப்பிள்ளைமார் இரண்டு பேரையும் அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஐம்பது வயதாகிறது. கோபத்தை எந்த இடத்தில் இறக்க வேண்டும், எந்த இடத்தில் மடித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்ததுதான். ஆனால் இன்றைக்கு அந்தக் கோபம் மடிய மறுத்தது.

"ட்ரக் எங்க போகும் சேர்?"

"அது உங்களுக்குத் தேவையில்லை."

"போற இடம் எங்களுக்குத் தேவையில்ல சேர்," என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற செல்லத்தம்பி. "திரும்பி வாற நேரத்தை மட்டும் சொன்னாப் போதும். ஓட்டோவைக் கொண்டந்து நிப்பாட்டலாம்."

இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பாண்டிருப்பு செல்லத்தம்பி ஓட்டோக்காரன். சித்தி லைலா துப்புத் துலக்கக் கிளம்பினால் அவன்தான் சாரதி, ஒற்றன், வாய்க்காரன் எல்லாம். சும்மா இருக்கும்போதே வாய் சும்மா இராது. இன்றைக்குக் கம்பிக்கு உள்ளே இருப்பவனோ அவனுடைய சொந்த அக்கா மகன்.

பிரசாந். இருபத்திரண்டு வயது. வீரமுனையில் வீடு. கல்முனையில் அபுல் ஹஸன் முதலாளியின் கொம்பியூட்டர் நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவன்.

அந்த வருசம் கரையோரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரே பைத்தியம். டிப்பு என்கிற ஆமைக்குட்டியின் காட்டூன் படம். நண்டு ராசா ஆமை முட்டைகளைத் திருடிக் கோட்டைக்குள் பூட்டி வைக்க, டிப்பு போய் மீட்டு வருகிற கதை. வீடியோக் கடைகளில் கசெட் தேய்ந்து கோடு விழுந்து போயிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் படத்தையே கொம்பியூட்டர் விளையாட்டாகவும் செய்திருக்கிறார்கள் என்று. அபுல் ஹஸனின் தம்பி கட்டாரிலிருந்து ஒரு சீடி அனுப்பினார். அவ்வளவுதான். அக்கரைப்பற்றிலிருந்தும் சைக்கிள் மிதித்துக்கொண்டு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் பொலிஸ் கேற்றுக்குக் கீழே யாரோ ஒரு கொப்பியையும் மொட்டைக் கடிதம் ஒன்றையும் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளி விடிய பிரசாந்தை வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். இன்றைக்குச் சனி. மணி ஒன்றரை.

"அந்தக் கொப்பியை ஒருக்காப் பார்க்கலாமா சேர்?"

"அஞ்சு நிமிசம்."

நாற்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி. முன்னுக்கு முழுக்க வெறும் தாள்; கடைசி எட்டுப் பக்கங்களில் மட்டும் படங்கள். அதில் முதல் பக்கத்தில் ஒரு கோட்டை. உள்ளே ஏழு புள்ளிகள், பக்கத்தில் '7 காவல், நடுவில் பெரியவன்'. ஒரு மூலையில் பன்னிரண்டு வட்டங்கள், 'உள்ளே 12'. அடுத்து நாலு பூட்டுள்ள கதவு. அதற்கடுத்து ஒரு பாலம்: '2 காவல், சத்தம் வந்தால் ஒளி'. இன்னொன்றில் 'குண்டு 5 எடு'. இப்படியே போய் எட்டாவது பக்கத்தில் கடல்.

லைலா திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். செக்பொயின்றுக்குச் செக்பொயின்று இறங்கி நடக்கிற காலத்தில் இப்படி ஒரு கொப்பி ஒரு தமிழ்ப் பொடியனின் பேரில் பொலிஸுக்குப் போனால், யாரும் ஆமைக்குட்டியை நினைக்கப் போவதில்லை.

"இது அந்தப் பிள்ளைகள் விளையாடுற விளையாட்டுத்தானே சேர்? நண்டுக் கோட்டை, குண்டு, காவல்..."

"நாங்களும் மோடன் இல்லை மிஸ். நேற்றைக்கு அந்த முதலாளி வீட்டுக்குப் போய் மெசினைப் போட்டுப் பார்த்தம். கொப்பியைப் பக்கத்தில வைச்சம். விளையாட்டு கடல்ல தொடங்குது. கொப்பி கோட்டையில தொடங்குது. ஒரு படமும் பொருந்தயில்லை. முதலாளியும் பாவம், பார்த்துப்போட்டு அழுதார்."

"எழுத்து அவன்ட எழுத்தா?"

"எழுத்துப் பார்க்கிறவர் கொழும்பில. மூண்டு மாதம், நாலு மாதம் போகும்."

நாலு மாதம். அதை அவர் நாலு நாள் போலச் சொன்னார்.

லைலா கொப்பியின் மட்டைகளைப் பார்த்தாள். முன்மட்டை சுத்தமாக இருந்தது; பேர் எழுதும் கோட்டில் ஒன்றும் இல்லை. வாய்ப்பாடு அச்சடித்த பின்மட்டை மட்டும் கிழிந்திருந்தது. தேய்ந்து கிழிந்த கிழிவு அல்ல, கை வைத்துக் கிழித்த கிழிவு.

மொட்டைக் கடிதத்தை எடுத்தாள்.

'ஐயா, வீரமுனைப் பிரசாந் என்பவன் தாக்குதலுக்கு வரைபடம் போட்டு வைத்துள்ளான். முதலாம் பக்கத்தில் கடல் வழி உண்டு. எட்டாம் பக்கத்தில் கோட்டை உண்டு. காவல் எத்தனை பேர் என்றும் எழுதியுள்ளான். உடன் விசாரிக்கவும். இப்படிக்கு, உண்மை விரும்பி.'

"சேர், இதில முதலாம் பக்கம் கடல் எண்டு கிடக்கு. கொப்பியில முதல் படம் கோட்டை."

"மொட்டைக் கடிதம் எழுதுறவனுக்கு எண்ணத் தெரியுமா? மாறி எழுதியிருப்பான். அஞ்சு நிமிசம் முடிஞ்சுது மிஸ்."

ஓட்டோ பிரதான வீதியில் ஏறியதும் செல்லத்தம்பி பின்னால் திரும்பாமலே கேட்டான்.

"என்ன ராத்தா, ஒரு கதையையும் காணம்?"

"கோபத்தில இருக்கிறன். நீ ரோட்டைப் பார்."

"நானும் கோபத்திலதான். ஆனா எனக்குப் பசி வேற. ரெண்டும் சேர்ந்தா ஹோர்ன் அடிக்கத்தான் வருது." சொன்னபடியே ஒரு மீன் லொறியைப் பார்த்து நீளமாக அடித்தான்.

"பிரசாந்தில ஆருக்குக் காய்ச்சல், ஆருக்கு ஆத்திரம்?"

"அவனிலயா? வழியில எறும்பு போனாலும் நிண்டு விட்டுட்டுப் போற பொடியன் ராத்தா. பொம்புளைப் பிள்ளைக்குக் கடிதம் குடுக்கவும் தெரியாது. போன கிழமைதான் வாயைத் திறந்து ஒரு துணிஞ்ச கதை கதைச்சவன். இந்த மாதத்தோட வேலையால நிக்கிறன், காரைதீவில சொந்தமா ஒரு கொம்பியூட்டர் கிளாஸ் போடப்போறன் எண்டு முதலாளிட்டச் சொன்னானாம்."

"முதலாளி என்ன சொன்னாராம்?"

"துஆச் செய்து வாழ்த்தினவராம். வழிக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தவராம்."

அபுல் ஹஸனின் நிலையம் அவருடைய வீட்டின் முன்னறைதான். வீதிப் பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள் போக ஒரு கதவு. அந்த உள்கதவில் பச்சைத் திரை. மூன்று கொம்பியூட்டர்கள், பிளாஸ்டிக் உறை போட்ட கதிரைகள், சுவரில் மக்கா படத்தோடு ஒரு மணிக்கூடு. அபுல் ஹஸன் வெள்ளைச் சாறனோடு ஓடிவந்து லைலாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். கண் சிவந்திருந்தது.

"வாங்க ராத்தா. என்ட புள்ள மாதிரி வெச்சிருந்தன் அவனை. வல்லாஹி, ரெண்டு நாளாச் சோறு இறங்குதில்ல. பொலிஸுக்கு நானே மெசினைப் போட்டுக் காட்டினன். பொருந்தயில்ல. நான் என்ன செய்ய ஏலும்? ஆறுதலா இருங்க, மணி ஒண்டுதானே ஆகுது."

செல்லத்தம்பி சுவரைப் பார்த்தான்.

"முதலாளி, அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ரெண்டு கிழமையாச்சு. உங்கட சுவருக்கு மட்டும் இன்னும் தந்தி வரயில்லையா? பொலிஸில இப்ப ரெண்டு."

"தொழுகைக்கெல்லாம் பழைய நேரம்தானே தம்பி லேசு..."

"ட்ரக் வாறது புது நேரத்துக்கு," என்றாள் லைலா. "விளையாட்டைப் போடுங்க."

திரையில் கடல் விரிந்தது. ஆமைக்குட்டி கண்ணைச் சிமிட்டியது. செல்லத்தம்பி கதிரையில் குந்தி, மௌஸை ஓட்டோ ஹாண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தான். முதல் நண்டிடமே டிப்பு செத்தது. மறுபடி போட்டான். மறுபடி செத்தது.

"ராத்தா, இந்த ஆமைக்குப் பிறேக் இல்ல."

"எழும்பு. வேற ஒண்டு பார்ப்பம். விளையாடினவங்கட பேர் எங்கயாவது நிக்குமா?"

நின்றது. அபுல் ஹஸன் விருப்பமில்லாமல் ஒரு பொத்தானை அமத்தினார். பட்டியல் வந்தது. பேர், எட்டுக் குகையில் எத்தனை தாண்டியது, திகதி, நேரம். அஹ்ஸன், மூன்று குகை. கிசோக், நாலு குகை. இன்னும் பத்துப் பதினைந்து பேர். எவரும் நாலைத் தாண்டவில்லை. எல்லாருக்கும் மேலே பேர் எழுதாத வரிகள் ஐந்து. கடைசி மூன்றில் எட்டுக் குகை.

"கோட்டைக்குள்ள போய் வந்த ஆள் இதுதான்," என்றாள் லைலா. "பேர் போடாத ஆள். அஞ்சு தரமும் என்ன கிழமை?"

அபுல் ஹஸன் நெற்றியைத் துடைத்தார். "வெள்ளி. நான் சொல்ல விரும்பயில்ல ராத்தா... வெள்ளிக்கிழமை கடை பூட்டு. பூட்டுக்குத் திறப்பு ஒண்டு பிரசாந்திட்டயும் இருந்துது. நாங்க ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் வந்து விளையாடியிருப்பான். அப்பதான் இந்தக் கொப்பியையும்..."

"முதலாளி," என்றான் செல்லத்தம்பி. குரலில் விளையாட்டு இல்லை. "கடைசித் திகதியைப் பாருங்க. அது நேத்து. நேத்து பன்ரெண்டு இருபத்தஞ்சு. என்ட மருமகன் நேத்து விடியக்காலையில இருந்து பொலிஸ் கூட்டுக்குள்ள. கம்பிக்குள்ளால கை நீட்டியா விளையாடினவன்?"

அபுல் ஹஸன் இரண்டாம் தரமும் நெற்றியைத் துடைத்தார்.

லைலா சுவர் மணிக்கூட்டையும் திரையின் மூலையில் ஓடிய நேரத்தையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே ஓடின, பழைய நேரம். பழைய நேரம் பன்னிரண்டு இருபத்தைந்து என்றால் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம். ஊரில் ஆம்பிளை என்று பேர் சொல்லக்கூடிய எவரும் வெளியே நிற்காத நேரம். பூட்டின கடை. உள்கதவு மட்டும் வீட்டுக்குள் திறக்கிறது.

பச்சைத் திரை ஆடியது. ஆடிய திரை நின்ற பிறகும் அதற்குக் கீழே இரண்டு பாதங்கள் அசையாமல் தெரிந்தன.

"என்ன வெக்கை இது," என்று செல்லத்தம்பி மேசைமேல் கிடந்த ஒரு கொப்பியை எடுத்து விசிறினான். விசிறியவன் அதைத் திறந்தான். திறந்தவன் முழித்தான். "ராத்தா, இந்த வீட்டுக் கொப்பிக்கு முன்னுக்கு ஒண்டுமில்ல. வெறும் தாள். எழுத்தெல்லாம் பின்னுக்கிருந்து வருது. பேரும் வாய்ப்பாட்டு மட்டையிலதான் எழுதிக் கிடக்கு."

"அது அறபுக் கொப்பி. கொண்டா."

கை நீட்டிய லைலா அப்படியே நின்றாள்.

அவளும் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவள்தான். வலமிருந்து இடமாக எழுதும் அறபு; வலப்பக்கம் திறக்கும் கிதாபு. அறபு பாடத்துக்கு வாங்கும் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பாமல், பின்மட்டையை முன்மட்டையாக்கி, அதிலேயே பேர் எழுதி, வலமிருந்து தாள் புரட்டும் கை. அது பழகிவிட்டால் கணக்கு எழுதினாலும் படம் போட்டாலும் அந்தப் பக்கமிருந்தேதான் தொடங்கும். வீரமுனைப் பிரசாந்தின் கை அப்படித் தொடங்காது. விஜேகோனின் கையும் அப்படித் திறக்காது.

வாய்ப்பாட்டு மட்டையில் நீல மையில் எழுதியிருந்தது: அ. பஹ்மிதா, மூன்றாம் வருடம்.

இருபது வருசத்தில் எத்தனையோ கள்ளனைப் பிடித்திருக்கிறாள். பிடிபடும் நேரத்தில் அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி வரும். இன்றைக்கு வந்தது நெருப்பு. கொப்பியை யார் எழுதினது என்பது தெரிந்ததால் வந்த நெருப்பு இல்லை. மொட்டைக் கடிதம் ஞாபகம் வந்ததால் வந்தது.

"செல்லத்தம்பி, போ. இன்ஸ்பெக்டரை ஏத்திக்கொண்டு வா. கொப்பியும் கடிதமும் கையில இருக்கோணும்."

"வராட்டி?"

"அந்தப் படம் எந்த இடமெண்டு சித்தி லைலா காட்டித் தாறாவாம் எண்டு சொல்லு. வருவார்."

ஓட்டோ சீறிக்கொண்டு போனது. அபுல் ஹஸன் மெல்ல எழுந்து கொம்பியூட்டரின் பக்கம் போனார்.

"கரண்ட் போற நேரம் ராத்தா. நிப்பாட்டி வெப்பம், பழுதாப் போயிரும்."

"தொட்டீங்களெண்டா கையை முறிப்பன்," என்றாள் லைலா. குரலை உயர்த்தவில்லை. கதிரையை இழுத்து மெசினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "மகள் பஹ்மிதா, வெளியால வாங்க."

"அவ எதுக்கு? குமர்ப்புள்ள, பிற ஆம்பிளையள் வாற இடம்..."

"நான் ஆம்பிளையா? வாங்க மகள்."

திரை விலகியது. பதினெட்டு வயதிருக்கும். தலையை மூடிய சால்வைக்குள்ளே முகம் வீங்கிக் கிடந்தது. ஆனால் அழுத முகம் மாதிரி இல்லை, பல்லைக் கடித்துக் கடித்து வீங்கினது மாதிரி.

"கொப்பி ஆர்ட?"

"என்ட," என்றாள் பஹ்மிதா. "வெள்ளிக்கிழமை வெள்ளனையே பொலிஸ் அதோட இஞ்ச வரக்குள்ள திரைக்குள்ளால கண்டன். அவங்க போன கையோட வாப்பாட்ட சொன்னன். பொலிஸுக்குப் போனது என்ட கொப்பி, அது விளையாட்டு, போய்ச் சொல்லுங்க எண்டு. வாயைப் பொத்து எண்டார். சரி, புதுசாக் கீறித் தாறன், கொண்டு போய்க் காட்டுங்க எண்டு, வாப்பா பள்ளிக்குப் போன நேரம் திரும்பவும் விளையாடிக் கீறினன். வந்து அதை அடுப்பில போட்டார்."

"மகள்!"

"கடை திறந்திருந்தா நான் உள்ளுக்க வரப்படாது. பொடியன்மார் வருவாங்களாம். வெள்ளிக்கிழமை குத்பா நேரம் மட்டும்தான் எனக்கு மெசின். அஞ்சு வெள்ளி. அதுக்குத்தான் வழி மறக்காமக் கீறி வெச்சன். பிரசாந் சேருக்கு என்ட பேரும் தெரியாது. நான் இந்த வீட்டில இருக்கிறதும் தெரியுமோ தெரியாது."

மூன்றேகாலுக்கு ஓட்டோ வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். செல்லத்தம்பியின் சட்டை முழுக்க வியர்வை.

"மிஸ், எனக்கு நேரம் இல்லை. எந்த இடம் இது?"

"உக்காருங்க சேர். கொப்பியை மடியில வையுங்க. இல்ல, அப்படியில்ல. வாய்ப்பாடு இருந்த பக்கம் மேல. இப்ப அந்தப் பக்கமிருந்து புரட்டுங்க."

"இது கடைசிப் பக்கம்."

"உங்களுக்குக் கடைசி. கீறின ஆளுக்கு முதல். மகள், விளையாடுங்க."

பஹ்மிதா தகப்பனைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தாள். விரல்கள் பொத்தான்களில் இறங்கியதும் டிப்பு கடலுக்குள் பாய்ந்தது. கொப்பியில் கடல். மூன்று சிப்பி எடுத்தது. கொப்பியில் மூன்று சிப்பி. பாறைக்கு இடப்பக்கம் வளைந்தது. கொப்பியில் அம்புக்குறி இடப்பக்கம் வளைந்தது. நண்டுக்குக் குண்டாக எறியும் கடல்முள்ளிகள் உருண்டு வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து எடுத்தாள். 'குண்டு 5 எடு.' இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டினார். பாலம் வந்தது. இரண்டு நண்டுகள் காவல் நின்றன. சங்குச் சத்தம் கேட்டதும் டிப்பு ஓட்டுக்குள் தலையை இழுத்து ஒளிந்தது.

"சத்தம் வந்தால் ஒளி," என்று செல்லத்தம்பி முணுமுணுத்தான்.

நாலு பூட்டு. கோட்டை. ஏழு நண்டு, நடுவில் கிரீடம் வைத்த பெரியவன். மூலையில் பன்னிரண்டு முட்டை. பஹ்மிதா கடைசிப் பொத்தானை அமத்தியபோது முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்து, பன்னிரண்டு ஆமைக்குட்டிகள் திரை முழுக்கத் துள்ளின.

இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது.

"மொத்தத்தில," என்றார், "இது நண்டு."

"ஓம் சேர், நண்டு," என்றான் செல்லத்தம்பி. "ஒரு நண்டுக்காக ஒரு மனுசனை ரெண்டு நாள் வெச்சிருக்கிறீங்க. பெரிய நண்டை மட்டும் இன்னும் பிடிக்கயில்ல."

லைலா கடிதத்தை வாங்கி மேசையில் விரித்தாள்.

"சேர், இதை எழுதினவனுக்கு எண்ணத் தெரியாது எண்டீங்க. அவன் சரியாத்தான் எண்ணினவன். முதலாம் பக்கம் கடல், எட்டாம் பக்கம் கோட்டை. உங்களைப் போல, என்ட செல்லத்தம்பியைப் போல ஆள் ஒருத்தன் இந்தக் கொப்பியை எடுத்திருந்தா, முதலாம் பக்கம் கோட்டை எண்டுதான் எழுதியிருப்பான். கிழிச்ச மட்டையைப் பாருங்க. பேர் முன்மட்டையில இருந்தா முன்மட்டையைக் கிழிப்பான். பின்மட்டையைக் கிழிச்சிருக்கான், ஏனெண்டா பேர் அதிலதான் இருக்கெண்டு அவனுக்குத் தெரியும். வழி எங்க தொடங்கி எங்க முடியுதெண்டு தெரியும். அப்ப, இது விளையாட்டெண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தாக்குதல் எண்டு எழுதியிருக்கான். பிறகு உங்களைப் பக்கத்தில வெச்சுக்கொண்டு, கொப்பியைப் பிழையான பக்கத்தால பிடிச்சு, பொருந்தயில்லையே எண்டு அழுதிருக்கான்."

விஜேகோன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். நேற்று அந்தக் கொப்பியைத் தன் கையிலிருந்து வாங்கிக் கொம்பியூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்த கை யாருடையது என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அபுல் ஹஸன் சுவரோடு சாய்ந்தார். தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் ஒரு தகப்பன் சேர். குமர்ப்புள்ளய வெச்சிருக்கிறன். கொப்பியைக் கண்டதும் எனக்குத் தலை சுத்திச்சு. அவன் சொல்லிக் குடுக்காம இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ரெண்டு பேருக்கும் ஏதோ தொடர்பெண்டு பயந்திட்டன். மானத்துக்காகச் செய்தன். ராத்தா, உங்களுக்கு விளங்கும். நம்மட சனத்துக்குள்ள ஒரு புள்ளட பேர் கெட்டா..."

இன்ஸ்பெக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கக்கூடும். பஹ்மிதா தலையைக் குனிந்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் நீர் நின்றது. தகப்பன் சொன்னதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள், தன்னால்தான் எல்லாம் என்று.

அதைக் கண்டதும்தான் லைலாவின் கோபம் உடைந்தது.

"பொய்!" மேசையில் விழுந்த அடியில் மௌஸ் துள்ளிக் கீழே தொங்கியது. "மானத்துக்குப் பயந்தவன் அந்தக் கொப்பியை அடுப்பில போட்டிருப்பான். மகள்ட கையெழுத்தைக் கொண்டுபோய்ப் பொலிஸ் கேற்றுக்குக் கீழ தள்ளுவானா? கொழும்பில எழுத்துப் பார்க்கிற ஆள் ஒருநாள் இது ஒரு பொம்புளைப் பிள்ளைட எழுத்தெண்டு கண்டுபிடிச்சா, அடுத்த ட்ரக் ஆரை ஏத்த வரும்? அதை யோசிச்சீங்களா? நீங்க புள்ளைக்குப் பயப்பிடயில்ல அபுல் ஹஸன். காரைதீவுக்குப் பயந்தீங்க."

"காரைதீவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன கிழமை பிரசாந் இவர்ட்டச் சொன்னவன் சேர், சொந்தமாக் கிளாஸ் போடப் போறன் எண்டு. அவன் போனா இந்தப் பிள்ளையள் அவனுக்குப் பின்னால போவாங்கள். இந்த மூண்டு மெசினையும் வெச்சு இவர் கோழி அடைக்கத்தான் வேணும். அதுதான் துஆச் செய்து, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, மகள்ட கொப்பியைக் களவெடுத்து, மட்டையைக் கிழிச்சு... அடிச்சுத் துரத்தியிருந்தாலும் மன்னிச்சிருப்பன். ஒரு தமிழ்ப் பொடியனுக்கு என்ன எழுதினா இந்தக் காலத்தில ஆள் திரும்பி வராதெண்டு தெரிஞ்சு, தேடிப் பார்த்து எழுதியிருக்கிறீங்க!"

அபுல் ஹஸன் சால்வையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

பஹ்மிதா நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். "வாப்பா," என்றாள். "நான் ரெண்டு நாளா என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தன்." அவ்வளவுதான் சொன்னாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பொய்க் கடிதத்துக்கு நான் வேற வழக்குப் போடுவன்," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "முதல் பொடியனை விடோணும். பொறுப்பெடுக்க ஆள் வேணும்."

"மாமன் நான் இருக்கிறன்," என்றான் செல்லத்தம்பி.

"நீ கையெழுத்து வை," என்றாள் லைலா. "இவரும் வருவார். ஏறுங்க ஓட்டோவில."

"ராத்தா, ஊர்ச் சனம் பார்க்கும்..."

"ஏறுங்க."

ட்ரக் வந்துவிட்டிருந்தது. கேற்றுக்குப் பக்கத்தில், எஞ்சின் நிற்காமல், பின்பலகை திறந்தபடி. செல்லத்தம்பி அதைச் சுற்றி ஓட்டோவைக் கொண்டுபோய் வாசற்படியோடு நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் உள்ளே போய்ச் சாவிக்குச் சத்தம் போட்டார். கம்பிக் கதவு திறந்தது.

பிரசாந் வெளியே வந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. கன்னம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசி, யார் யார் நிற்கிறார்கள் என்று தேடினான். மாமனைக் கண்டான், ஆனால் அவனிடம் போகவில்லை. நொண்டி நொண்டி நேராக அபுல் ஹஸனிடம் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"முதலாளி," என்றான். "நீங்க வந்து எடுப்பீங்க எண்டு இவங்களிட்டச் சொல்லிக்கொண்டே இருந்தன். அடிக்கக்குள்ளயும் சொன்னன். சிரிச்சாங்க."

அபுல் ஹஸன் கையை உருவப் பார்த்தார். பொடியன் விடவில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலை அடைத்துக்கொண்டு சித்தி லைலா நின்றாள்.

"சொல்லுங்க," என்றாள். "அவன்ட முகத்தைப் பார்த்துச் சொல்லிப்போட்டு வெளியால போங்க."

வெளியே ட்ரக்கின் பின்பலகையை யாரோ வெறுமையாகவே தூக்கிச் சாத்தினார்கள். பிரசாந் இன்னும் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, நன்றியோடு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அபுல் ஹஸன் வாயைத் திறந்தார்.